பங்குனி ஆமையும் பள்ளிக் குறிப்பேடும்



பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் ஒரு பரபரப்புத் தொடங்கிவிடும். விளையாட்டு விழா, இலக்கிய மன்ற நிறைவு விழா, பிப்ரவரி 28-ஆம் நாள் தேசிய அறிவியல் தினம், அதையொட்டி ஒரு கண்காட்சி, கடைசியில் ஆண்டு விழா. அன்று தலைமையாசிரியர் மேடையேறி ஆண்டறிக்கை வாசிப்பார். பேச்சுப் போட்டியில் முதல் பரிசு, நீளம் தாண்டுதலில் இரண்டாம் பரிசு, கண்காட்சியில் எரிமலை மாதிரிக்கு ஆறுதல் பரிசு என்று வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல் எழும். அப்புறம் தேர்வு வந்துவிடும். எரிமலை ஆய்வுக்கூடப் பரணுக்குப் போய்விடும்.

அதே மூன்று நான்கு மாதங்களில் செய்யக்கூடிய இன்னொரு வேலையைப் பற்றி இப்போது பார்ப்போம். அதற்குக் கோப்பை கிடையாது. செலவும் மிகக் குறைவுதான். ஒரு குறிப்பேடு, ஒரு பென்சில், ஒரு வெப்பமானி போதும். ஆனால் விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டும்!

விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணத்தை அடுத்த கடலோரத்தில், எக்கியார்குப்பம் என்று ஒரு மீனவர் ஊர் இருக்கிறது. கிழக்கே வங்காள விரிகுடா. நிலப்பக்கம் மரக்காணத்து உப்பளங்களும், கழுவெளி என்னும் பரந்த உவர்நீர்ப் பரப்பும். (இந்தக் கழுவெளி 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 2024-இல் ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது.) வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வெயில் ஏறத் தொடங்கியதும் இந்தக் கரையில் இரண்டு வேலைகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தொடங்குகின்றன. ஒன்று, உப்பளத்தில் பாத்திகளைச் சீர்செய்து உப்பு விளைவிக்கும் வேலை. அது உங்களுக்குத் தெரிந்ததுதான். மற்றொன்று இரவில், யாருக்கும் தெரியாமல் நடக்கிறது. கடலாமை கரையேறி மணலைத் தோண்டி முட்டையிட்டு, மூடிவிட்டு, விடிவதற்குள் கடலுக்குத் திரும்பிவிடுகிறது.

சோழமண்டலக் கரையில் மிகுதியாக முட்டையிட வருவது சிற்றாமை. ஆங்கிலத்தில் ஆலிவ் ரிட்லி என்பார்கள். நம் மீனவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் இன்னும் அழகானது: பங்குனி ஆமை. அது எந்தக் காலத்தில் வரும் என்பதைப் பெயரிலேயே சொல்லிவிட்டார்கள் பாருங்கள்! தை, மாசியிலும் வரும்; பங்குனியில் நிறைய வரும். அதாவது, பள்ளியின் கடைசிப் பருவம் முழுவதும் ஆமையின் பருவமாகவும் இருக்கிறது. பொங்கலன்று இட்ட முட்டைகள் ஏறக்குறைய 45 முதல் 55 நாட்களில் பொரியும். நீங்கள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும்போது குஞ்சுகள் கடலை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு தாய் ஆமை ஒரு தடவைக்கு நூறு முட்டைகளுக்கு மேல் இடுவது வழக்கம். அவ்வளவு முட்டைகளா என்று வியக்க வேண்டாம். ஆயிரம் குஞ்சுகள் கடலுக்குள் சென்றால் வளர்ந்து பெரிதாவது ஒன்றோ இரண்டோதான் என்று மதிப்பிடுகிறார்கள். அதற்கு முன்னரே நாயும் நரியும் தோண்டியது போக மீதிதான் கடலைச் சேரும்.

மாணவர்கள் நடந்த கரை

சென்னையில் 1970-களின் தொடக்கத்தில் ரோமுலஸ் விட்டேக்கர், வள்ளியப்பன், சதீஷ் பாஸ்கர் முதலிய இளைஞர்கள் இரவில் கடற்கரையில் நடந்து ஆமைக்கூடுகளைத் தேடத் தொடங்கினார்கள். பாம்புப் பண்ணையை மையமாகக் கொண்டு அந்த வேலை நடந்தது. முட்டைகளை எடுத்து வந்து வேலி கட்டிய இடத்தில் மணலில் புதைத்துப் பொரிக்க வைத்தார்கள். பின்னர் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் மாநில வனத்துறையும் சில ஆண்டுகள் அதைத் தொடர்ந்தன. 1988-இல் அந்த வேலையை மாணவர்கள் தம் கையில் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் அமைத்த குழுவின் பெயரைத் தமிழில் சொல்வதென்றால், கடலாமைப் பாதுகாப்பு மாணவர் வலையமைப்பு. ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரவுதோறும் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடை. பிற்பாடு அடையாற்று முகத்துக்கு அப்பால் மெரினாப் பக்கமும் நடை சேர்ந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மாணவன் என்றால் சில ஆண்டுகளில் படிப்பை முடித்துப் போய்விடுவான். 1988-இல் நடந்த பையனுக்கு இன்று ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். ஆயினும் நடை நிற்கவில்லை. ஒரு தொகுதி போனால் அடுத்த தொகுதி. குறிப்பேடு கைமாறிக்கொண்டே வந்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே கரையில் ஆமைகளை எண்ணுவது, ஊதியம் கொடுத்து ஆள் வைத்தாலும் எளிதில் நடக்கக்கூடிய காரியமன்று.

சதீஷ் பாஸ்கரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். பொருளைவிட்டுச் சற்று விலகினாலும் பாதகமில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படிக்க வந்தவர் அவர். வகுப்பறையைவிடக் கடற்கரைதான் அவருக்குப் பிடித்துப் போயிற்று. 1982-இல், லட்சத்தீவைச் சேர்ந்த சுஹேலி வலியகரை என்னும் ஆளில்லாத தீவில், மழைக்காலம் முழுவதும் தனியாகத் தங்கிப் பேராமைகளைக் கணக்கெடுத்தார். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அங்கே படகு வராது, தபால் ஏது? மனைவிக்கு ஒரு கடிதம் எழுதிப் பாட்டிலில் அடைத்துக் கடலில் எறிந்தார். இருபத்து நான்கு நாட்கள் கழித்து இலங்கைக் கரையில் ஒரு மீனவர் அதைக் கண்டெடுத்து, தம் பங்குக்கு ஒரு கடிதமும் சேர்த்து, தபாலில் அனுப்பிவைத்தார்!

ஆமை வராத நாள்

இனி நம் வேலைக்கு வருவோம். உங்கள் பள்ளி எக்கியார்குப்பத்துக்கு அருகில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு நடை உங்களுக்கு வேண்டாம்; அது பயிற்சி பெற்றவர்கள் வனத்துறை அனுமதியோடு செய்ய வேண்டியது. நீங்கள் விடிந்த பிறகு ஆசிரியருடன் இரண்டு கிலோமீட்டர் நடந்தால் போதும். ஆமை போய்விட்டிருக்கும். ஆனால் அதன் தடம் இருக்கும். கடலிலிருந்து மேலேறி, மீண்டும் கடலுக்கு இறங்கும் அகலமான தடம். பேராமை இரண்டு முன்துடுப்புகளையும் ஒன்றாக வீசி நகர்வதால் அதன் தடத்தில் இரு பக்கக் கோடுகளும் எதிரெதிரே அமையும். பங்குனி ஆமை நாம் நடப்பதுபோல மாற்றி மாற்றி வைத்து நகரும். ஆகவே அதன் தடத்தில் இடக்குறி ஓரிடத்திலும் வலக்குறி சற்றுத் தள்ளியும் விழும். காற்று எழுந்துவிட்டால் தடம் அழிந்துவிடும். படகு இழுத்தாலும் அழிந்துவிடும். அதனால்தான் அதிகாலை என்றேன்.

தடம் கண்டால் குறித்துக்கொள்கிறீர்கள். சரி. தடம் எதுவும் இல்லாத நாளில் என்ன செய்வீர்கள்? பெரும்பாலோர் ஒன்றும் எழுதாமல் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். எழுத என்ன இருக்கிறது என்று தோன்றும். இந்த இடத்தில்தான் தவறு நேருகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கதிர், செல்வி என்று இரு மாணவர்கள். (இவர்களும் இந்த எண்களும் கற்பனைதான்.) கதிர் 60 நாட்கள், நாளைக்கு 2 கிலோமீட்டர் நடந்தான். மொத்தம் 120 கிலோமீட்டர். 6 தடங்கள் கண்டான். செல்வி, ஆமை வந்ததாக யாராவது சொன்னால் மட்டும் போனாள். 10 நாட்கள், 20 கிலோமீட்டர், 5 தடங்கள். கதிரின் கணக்கில் 20 கிலோமீட்டருக்கு ஒரு தடம். செல்வியின் கணக்கில் 4 கிலோமீட்டருக்கு ஒன்று. செல்வி நடந்த கரையில் ஐந்து மடங்கு ஆமைகள் வருகின்றன என்று அறிக்கை எழுதிவிடலாமா? இருவரும் நடந்தது ஒரே கரையாகக்கூட இருக்கலாமே!

கதிரும் தடம் கண்ட 6 நாட்களை மட்டுமே எழுதி, மற்ற 54 நாட்களை விட்டுவிட்டான் என்று வையுங்கள். அந்தக் குறிப்பேட்டைப் பிறகு படிப்பவருக்கு எப்படித் தோன்றும்? அவன் போன நாளெல்லாம் ஆமை வந்தது என்று தோன்றும். அவன் எழுதிய ஒவ்வொரு வரியும் உண்மை. ஆனால் குறிப்பேடு சொல்வது பொய். ஆகவே நடந்தேன், 2 கிலோமீட்டர், தடம் 0 என்று எழுதுங்கள். போகாத நாளில் போகவில்லை என்று எழுதுங்கள். 0 என்பதும் வெற்றிடம் என்பதும் ஒன்றல்ல. கணிதத்தில் பூஜ்யத்தைக் கண்டுபிடித்த நாட்டில் இதை நான் வற்புறுத்த வேண்டியிருப்பது வேடிக்கைதான்.

இந்தப் பிழையின் விலை என்ன? பங்குனி ஆமைக்கு ஒரு சகோதர இனம் உண்டு: கெம்ப் ரிட்லி. மெக்சிகோ நாட்டில் ராஞ்சோ நுவேவோ என்ற கரைதான் அதன் முதன்மையான முட்டையிடும் இடம். 1947-இல் ஒருவர் அங்கே பகல் வெளிச்சத்தில் ஆமைகள் கூட்டம் கூட்டமாகக் கரையேறுவதைத் திரைப்படச் சுருளில் எடுத்துவைத்தார். ஒரே நாளில் 40,000 வரை இருக்கலாம் என்று பின்னால் மதிப்பிட்டார்கள். அந்தச் சுருள் 1960-களின் தொடக்கத்தில்தான் விஞ்ஞானிகளின் கண்ணில் பட்டது. 1966-இல் மெக்சிகோ அரசு அங்கே பாதுகாப்பு முகாம் அமைத்து எண்ணத் தொடங்கியபோது, பழைய கூட்டத்தில் ஒரு சிறு பங்குதான் மிஞ்சியிருந்தது. 1985-இல் ஆண்டு முழுவதற்கும் 702 கூடுகளே இருந்தன. நடுவில் எந்த ஆண்டில் குறைவு தொடங்கியது? மெல்லக் குறைந்ததா, திடீரென்றா? அந்த இருபது ஆண்டுகளில் கரையில் நடந்து எண்ணியவர் யாருமில்லை. முட்டையெடுப்பதும், ஆமைகள் வலையில் மடிவதும் காரணங்கள் என்று தெரியும். ஆனால் எது எப்போது எவ்வளவு என்பதைச் சொல்ல ஒரு பழைய குறிப்பேடு இல்லை.

நம் பக்கத்தில் 2025 ஜனவரியில் சென்னையிலும் அடுத்துள்ள கரைகளிலும் இறந்த ஆமைகள் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. சில வாரங்களில் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. இது வழக்கமான சாவா, வழக்கத்துக்கு மாறானதா? அந்த ஓராண்டை மட்டும் பார்த்தால் பதில் கிடைக்காது. முந்தைய ஆண்டுகளின் எண்கள் இருந்ததால்தான் இது மாறானது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வும் தானாகவே இதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

இறந்த ஆமையைப் பற்றி எழுதும்போது மிகுந்த எச்சரிக்கை வேண்டும். கடலாமை நுரையீரலால் மூச்சுவிடும் பிராணி. இழுவைமடியில் சிக்கி நெடுநேரம் மேலே வர முடியாமல் போனால் மூச்சுமுட்டி இறந்துவிடும். இது நன்கு தெரிந்த உண்மை. ஆனால் கரையில் கிடக்கும் ஓர் ஆமையைப் பார்த்துவிட்டு, வலையில் சிக்கி இறந்த ஆமை 1 என்று நீங்கள் எழுதலாகாது. நீங்கள் கண்டது ஆமை இறந்து கிடந்ததை மட்டுமே. வலை என்பது ஊகம். ஊகம் சரியாகவும் இருக்கலாம். அதைச் சொல்ல வேண்டியவர் ஆமையை அறுத்துப் பார்க்கும் கால்நடை மருத்துவர். இறந்த ஆமை 1, ஓட்டில் பிளவு, வலது முன்துடுப்பில் நைலான் கயிறு என்று கண்டதைக் கண்டபடி எழுதுங்கள். குப்பத்துப் பிள்ளைகளுக்கு இது வெறும் விஞ்ஞான நெறி மட்டுமன்று. உங்கள் வகுப்பில் பாதிப் பேருக்குச் சித்தப்பாவோ மாமாவோ கடலுக்குப் போகிறவர். குறிப்பேடு யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக எழுதப்படுவதல்ல என்று அவர்களுக்குத் தெரிந்தால், அவர்களே உங்களுக்கு மிகச் சிறந்த தகவலாளர்கள் ஆவார்கள். எந்த ஆழத்தில் ஆமை மிதக்கக் கண்டார்கள், அன்று என்ன காற்று அடித்தது என்று அவர்களிடம் கேளுங்கள். வாடைக்காற்று என்று அவர்கள் சொன்னால் வாடை என்றே எழுதுங்கள்.

நேற்று எண்ணிய உடலை இன்று மறுபடி எண்ணிவிடாதீர்கள். எந்த அடையாளத்துக்கு அருகில் கிடந்தது என்று எழுதியிருந்தால் இந்தக் குழப்பம் வராது. ஆமையையோ முட்டையையோ தொடவே கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கடலாமைகள் முதல் அட்டவணையில் உள்ளன. கூடு கண்டால் ஆசிரியர் மூலம் வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.

மணலுக்குள் வெப்பமானி

இனி வெப்பமானிக்கு வருவோம். என்னைக் கேட்டால், இந்த வேலையில் மிகச் சுவையான பகுதி இதுதான்.

மனிதக் குழந்தை ஆணா பெண்ணா என்பதைக் குரோமோசோம்கள் முடிவு செய்கின்றன என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். கடலாமைக்கு அப்படியில்லை. முட்டை கிடக்கும் மணலின் வெப்பநிலைதான் முடிவு செய்கிறது! அடைகாலத்தின் நடுப்பகுதியில் மணல் ஏறக்குறைய 29 முதல் 31 டிகிரி சென்டிகிரேடு வரை இருந்தால் இரண்டும் கலந்து பிறக்கும். அதற்குக் கீழே போனால் ஆண் குஞ்சுகள் மிகும். மேலே போனால் பெண் குஞ்சுகள் மிகும். ஊர்வனவற்றில் இப்படி நடக்கிறது என்பதை முதலில் சொன்னவர் மாடலீன் ஷார்னியே என்ற பெண் விஞ்ஞானி. செனகல் நாட்டில் ஓணான் வகை ஒன்றை ஆராய்ந்து 1966-இல் இதை வெளியிட்டார். அப்போது பலர் அதைப் பொருட்படுத்தவில்லை.

அதன் விளைவைப் பாருங்கள். 1970-களில் பல நாடுகளில் ஆமை முட்டைகளைக் காப்பதாக எண்ணி, நுரைப்பெட்டிகளில் மணலோடு வைத்துப் பொரித்து வந்தார்கள். பெட்டிக்குள் கடற்கரை மணலைவிடக் குளிர்ச்சி. மிரோசோவ்ஸ்கி, இன்டெமா என்ற இருவர் 1980-இல் ஓர் ஆய்வுரை எழுதினார்கள்: நீங்கள் கடலில் விடுவதில் பெரும்பாலும் ஆண் ஆமைகளாகவே இருக்கக்கூடும்! நல்லெண்ணம் இருந்தது, வெப்பமானி இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இது. அலை எட்டாத, கூடு எதுவும் இல்லாத மேட்டு மணலில் 45 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு மூங்கில் குழாயை இறக்குங்கள். ஆமைக் கூட்டின் ஆழமும் ஏறக்குறைய அவ்வளவுதான். சாராய வெப்பமானியை நூலில் கட்டிக் குழாய்க்குள் விட்டு, வாயைத் துணியால் அடைத்துவிடுங்கள். பாதரச வெப்பமானி வேண்டாம். உடைந்தால் மணலைப் பாழாக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வெப்பமானியை வெளியே இழுத்ததும் மேலே உள்ள சூட்டில் அளவு ஏறிவிடும். கீழிருந்த அளவை எப்படிப் படிப்பது? வானிலை ஆய்வாளர்கள் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். வெப்பமானியின் குமிழை மெழுகுக்குள் பதித்துவிடுவார்கள். மெழுகு வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். எனவே வெளியே எடுத்துச் சில விநாடிகள் வரை அளவு மாறாது. நீங்களும் மெழுகுவர்த்தியை உருக்கிச் சற்று ஆறவிட்டுக் குமிழைச் சுற்றி விரல் பருமனுக்குப் பூசிக்கொள்ளலாம். மெதுவாகக் கடத்துவதால் குழாய்க்குள் அரைமணி நேரமாவது விட்டுவைக்க வேண்டும்.

காலையிலும் மாலையிலும் அளந்து பாருங்கள். நண்பகலில் மேல்மணல் 50 டிகிரியைத் தாண்டுவதும் உண்டு. வெறுங்காலோடு நடந்தால் வெப்பமானியே தேவையில்லை. ஆனால் 45 சென்டிமீட்டர் ஆழத்தில் பகலுக்கும் இரவுக்கும் வேறுபாடே தெரியாத அளவு சீராக இருக்கும். மேலே ஏறும் வெப்பம் கீழே இறங்குவதற்குள் இரவு வந்துவிடுகிறது. எனினும் வாரத்துக்கு வாரம் அந்த ஆழத்திலும் அளவு மெல்ல ஏறிக்கொண்டே போகும். தையில் இட்ட முட்டைக்கும் பங்குனியில் இட்ட முட்டைக்கும் உள்ள வேறுபாடு உங்கள் வரைபடத் தாளில் ஒரு சாய்கோடாகத் தெரியும். பக்கத்திலேயே கீற்றுப் பந்தல் போட்டு, அதன் நிழலில் இன்னொரு குழாயை இறக்கி ஒப்பிட்டால், பொரிப்பகத்துக்குப் பந்தல் போடுவதா வேண்டாமா என்பது ஏன் சாதாரணக் கேள்வியல்ல என்று விளங்கும்.

கோடு ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் திடீரென்று இறங்கினால், அன்று மழை பெய்ததா என்று பாருங்கள். நீங்கள் குறிக்கத் தவறியிருந்தால் உப்பளத்தில் வேலை செய்யும் வீட்டில் கேளுங்கள். பருவம் தவறிய மழையின் தேதியை அவர்கள் மறக்கமாட்டார்கள். பாத்தியில் விளைந்த உப்புக் கரைந்து, வேலையை முதலிலிருந்து தொடங்கிய நாள் அல்லவா அது!

ஆண்டு இறுதித் தேர்வுக்கு முன்னால் குறிப்பேட்டை ஒன்பதாம் வகுப்பு எட்டாம் வகுப்பிடம் கொடுத்துவிட வேண்டும். அதற்குமுன் ஒரு வேலை பாக்கியிருக்கிறது. முதல் பக்கத்தில், எங்கிருந்து எங்கே வரை நடந்தீர்கள் என்று ஒரு வரைபடம் போடுங்கள். படகு நிறுத்தும் இடம், பனைமரம் இவற்றை எல்லையாக வைக்காதீர்கள்; கடல் அரித்தால் இரண்டும் இடம் மாறும், அல்லது இல்லாமலே போகும். கோயில், தண்ணீர்த் தொட்டி போன்ற நிலையான கட்டடமாக இருக்கட்டும். ஆசிரியரின் கைப்பேசியில் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளைப் பார்த்துப் பக்கத்தில் எழுதிவிட்டால் இன்னும் நல்லது. எட்டாம் வகுப்பு மாணவன் அடுத்த தையில் அந்த இடத்தில் வந்து நிற்கும்போது, நீங்கள் வேறு பள்ளியில் படித்துக்கொண்டிருப்பீர்கள்.